சொந்தக்காரர் இல்லாத ரத்தம்

"கொலை இல்லை, திருட்டு இல்லை. ஆனா என்கிட்ட ஒரு ட்யூப் ரத்தம் இருக்கு. அதுக்கு ஆளைக் காணோம்," என்றார் லேப் டாக்டரம்மா.

குருவி வாய்வரை கொண்டுபோன டீயை அப்படியே நிறுத்தினாள். "ஆள் இருந்து ரத்தம் இல்லாம பார்த்திருக்கேன் டாக்டர். எங்க பழைய முதலாளிக்கு ஒரு சொட்டு கிடையாது. இது புதுசா இருக்கே!"

"குருவி," என்றாள் அண்ணி. அந்த ஒரே சொல்லில் 'வாயை மூடு' என்பதும் இருந்தது, 'நோட்டை எடு' என்பதும் இருந்தது.

தையல் கடைக்கு மேலே ஒரே அறை. அதுதான் அவர்களுடைய துப்பறியும் நிலையம். அண்ணி பதினைந்து வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். கடைசியாக மேனேஜரின் மைத்துனனுடைய விபத்தைக் கண்டுபிடித்ததோடு அந்த வேலை போயிற்று. குருவி அவளுடைய புருஷனின் கூடப்பிறந்த தங்கை. சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், கொட்டகை மூடியதும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டாள். உருவம் சின்னது, சத்தம் பெரியது. அதனால் அந்தப் பெயர். நாத்தனாரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிற ஒரே பெண் தன் அண்ணிதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

டாக்டரம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல கல் அறுக்கிற பட்டறை இருக்கு இல்லையா, அங்க வேலை செய்ற பதினாலு பேருக்கும் இந்த வருஷத்துலேருந்து நான்தான் ரத்தம் பார்க்கிறேன். கல்தூசி நுரையீரல்ல போய் உட்கார்ந்தா ரொம்ப நாளைக்கு வெளியில தெரியாது. ஆனா ரத்தம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துடும்."

"நுரையீரல்ல இருக்கிறது ரத்தத்துக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அண்ணி.

"நுரையீரலோட உள்சுவர்ல இருக்கிற செல் எல்லாம் ஒரு புரதம் செய்யும். சுவர் நல்லா இருக்கிற வரைக்கும் அது அங்கேயே கிடக்கும். சுவர் புண்ணாச்சுன்னா ரத்தத்துல கசிய ஆரம்பிச்சிடும். அதை மட்டும் வெச்சு இன்ன வியாதின்னு சொல்லிட முடியாது. உள்ள ஏதோ நடக்குதுன்னு சொல்லலாம்."

"மாடி வீட்டு பாத்ரூம் ஒழுகுறது நம்ம வீட்டுக் கூரையில ஈரமாத் தெரியுமே, அந்த மாதிரி," என்றாள் குருவி.

"அதேதான்." டாக்டரம்மாவுக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. "ஐநூறுக்குள்ள இருக்கணும். பட்டறை மேஸ்திரிக்கு ரெண்டாயிரத்து நூத்து நாப்பது வந்துச்சு."

மேஸ்திரியைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. ஆறடி உயரம். அவர் ஒரு அதட்டல் போட்டால் அறுக்கிற மெஷின்கூடத் தயங்கும்.

"பதறிப்போய் ஸ்கேனுக்கு அனுப்பினேன். நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்கு. ஊதச் சொன்னாங்க. அவர் ஊதின ஊதுல குழாய் கழண்டு விழுந்துச்சு. மறுபடி ரத்தம் எடுத்தேன், இருநூத்திப் பத்து. அப்புறம்தான் சந்தேகம் வந்து, முதல்ல எடுத்த ட்யூப்ல மிச்சம் இருந்ததை எடுத்து குரூப் பார்த்தேன். மேஸ்திரி பி பாசிட்டிவ். அந்த ட்யூப் ஏபி நெகடிவ்."

எழுதிக்கொண்டிருந்த அண்ணியின் பென்சில் முனை பட்டென்று உடைந்தது. குருவி வேறு பென்சிலை நீட்டினாள்.

"மத்த பதிமூணு பேரோட மாறியிருக்குமோ?" என்றாள் அண்ணி, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எல்லாருக்கும் திரும்ப எடுத்தாச்சு. அவங்கவங்க ரத்தம் அவங்கவங்களோடதுதான். ஏபி நெகடிவ் ஒருத்தர்கூட இல்லை." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு லேப் பேரு கெட்டுப்போறதுகூடப் பெரிசில்லை. அந்த ரெண்டாயிரம் யாரோ ஒருத்தர் உடம்புல இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு. அவருக்கே தெரியாது. இப்ப பிடிச்சா சரிபண்ணிடலாம். இன்னும் ஆறு மாசம் போனா சுவர்ல தழும்பு விழுந்துடும். விழுந்த தழும்பை எந்த மருந்தும் அழிக்காது."

அண்ணி நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"அந்த ரத்தத்தைப் பத்தி வேற ஏதாவது?" என்றாள் அண்ணி.

"ஒண்ணு இருக்கு. வெறும் வயித்துல வரணும்னு எல்லாருக்கும் சீட்டு கொடுத்திருந்தேன். பதிமூணு பேரும் அப்படித்தான் வந்தாங்க. இந்த ட்யூப் மட்டும் பால் மாதிரி கலங்கியிருந்துச்சு. வந்தவர் வழியில கொழுப்பா எதையோ நல்லா ஒரு பிடி பிடிச்சிருக்கார்."

"அன்னைக்கு ஊசி போட்டது யாரு?"

"புதுசா வந்த நர்ஸ். இப்ப பிரசவ லீவுல இருக்கா."

குருவி போனை மேஜை நடுவில் வைத்து நர்ஸை அழைத்தாள். அந்தப் பக்கம் முதலில் பேசியது குழந்தை. அது மூச்சுவிடுவதற்காக அழுகையை நிறுத்திய இடைவெளியில் தாய் பேசினாள்.

"மேஸ்திரின்னு வந்தவர்தானே? நல்லா ஞாபகம் இருக்கு. பட்டறைக்காரங்க எல்லாரையும் போல மாஸ்க் போட்டிருந்தார். ஊசி குத்தினதே அவருக்குத் தெரியலை, ஜோக்கடிச்சுக்கிட்டே இருந்தார். ரத்தம் எடுத்த கை அசையலை. இன்னொரு கை விரல் மட்டும் தொடையில தட்டிக்கிட்டே இருந்துச்சு. மூணு விரல், ஒண்ணு மாத்தி ஒண்ணு. டைப் அடிக்கிற மாதிரி."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "ஜோக்கடிச்சாரா? நான் ரெண்டாவது தடவை எடுத்தப்போ ஊசியைப் பார்த்ததுமே நாற்காலியோட சாய்ஞ்சார். தூக்கி நிறுத்த மூணு பேர் வேண்டியிருந்துச்சு!"

"ஒரே ஆளு, ஒரே ஊசி. ஒருநாள் சிரிப்பு, ஒருநாள் மயக்கம்," என்றாள் குருவி.

"ரெண்டு ஆளு," என்றாள் அண்ணி. செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே படியிறங்கத் தொடங்கிவிட்டாள்.

*

பட்டறையில் கல்லை அறுக்கும் சக்கரத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மேஸ்திரி மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். குருவியின் அண்ணனும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அந்த உரிமையில்தான் அவர் அண்ணியைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுவார்.

"வா தங்கச்சி! குருவி, நீயுமா? என்ன விஷயம், யாரையாவது பிடிக்க வந்தீங்களா?"

"உங்களைத்தான் அண்ணா," என்றாள் அண்ணி. "அன்னைக்கு ரத்தம் கொடுக்கப் போனீங்களே, வெறும் வயித்துலதானே போனீங்க?"

"பச்சத்தண்ணி பல்லுல படலை!"

"ரத்தம் பால் மாதிரி இருந்துச்சாம்."

மேஸ்திரி யோசித்தார். "எனக்குக் கொஞ்சம் வெள்ளை மனசு தங்கச்சி."

குருவி சிரிப்பை அடக்க முடியாமல் கல் குவியலின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணி கைப்பையைத் திறந்தாள். டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்த ஊசி ஒன்று, உறை பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்து இருவருக்கும் நடுவில் இருந்த கல்பலகைமேல் வைத்தாள். அவ்வளவுதான்.

மேஸ்திரியின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ போயிற்று. ஆறடி மனிதர் பின்னாலேயே தடவி ஒரு கல்லைக் கண்டுபிடித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"அதை உள்ள வை தங்கச்சி. நான் சொல்லிடறேன். பசங்க முன்னாடி வேண்டாம்." அவருடைய குரல் பூனைக்குட்டியினுடையதாகிவிட்டது. "சின்ன வயசுலேருந்தே எனக்கு இது ஆகாது. ரெண்டாவது தடவை வேற வழியில்லாம போய் விழுந்தேன். முதல் தடவை எனக்குப் பதிலா ஒருத்தரை அனுப்பினேன். அதான் ரிப்போர்ட் தப்புன்னு லேப்லயே சொல்லிட்டாங்களே, இனிமே எதுக்கு இந்தப் பேச்சு?"

"யாரை அனுப்பினீங்க?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நான் சொல்லட்டுமா?" என்று முன்னால் வந்தாள் குருவி. வரும் வழியெல்லாம் அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இந்தப் புரதம் கல்தூசியால் மட்டும் ஏறுவதில்லை, பறவை எச்சம், பூஞ்சை என்று வேறு பல காரணமும் உண்டு என டாக்டரம்மா சொல்லியிருந்தார். "உங்க மச்சான்தானே? மொட்டை மாடியில அறுபது புறா வளர்க்கிறாரே, அவர்தானே?"

மேஸ்திரி தண்ணீரில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பதுபோல் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டார். "ஆமா! மச்சான்தான்! மச்சானேதான்! எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தொழில் ரகசியம்," என்றாள் குருவி. இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. அண்ணி மட்டும் மேஸ்திரியைக் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தாள். பிறகு புறாக்காரர் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

*

மேஸ்திரியின் மச்சான் தலையில் ஒரு புறாவும் தோளில் இரண்டுமாக மாடியில் நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பில் மூன்றும் பறந்துபோயின.

"நானா? அவருக்குப் பதிலா ஊசியா? அவர் என்கிட்ட கேட்கவே இல்லையே!" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "நான் வருஷத்துக்கு மூணு தடவை ரத்ததானம் பண்றவன். இதோ பாருங்க, ஓ பாசிட்டிவ். போன மாசம் டாக்டரே நெஞ்சைச் சோதிச்சுப் பார்த்து, குதிரை மாதிரி இருக்கேன்னார்."

குருவியின் இரண்டு அங்குலமும் இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சரி, இதைப் பாருங்க. வந்த ஆள் தொடையில இப்படித் தட்டிக்கிட்டே இருந்தாராம்." நர்ஸ் சொன்னபடி மூன்று விரல்களைத் தன் தொடையில் ஒன்று மாற்றி ஒன்று அழுத்திக் காட்டினாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல டைப் அடிக்கிறவங்க யாராவது?"

"இது டைப் இல்லம்மா." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "டைப்புன்னா விரல் நாலா பக்கமும் தாவும். இது ஒரே இடத்துல அமுக்கி அமுக்கி எடுக்கிற விரல். ஊதுறவங்க விரல். பின்னாடியே பேண்டு கொட்டகை இருக்கு, தினம் பார்த்துக்கிட்டு இருக்கேனே."

குருவியின் விரல்கள் தொடையிலேயே நின்றன.

அந்த விரல்களை அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், பஸ் ஜன்னல் கம்பியில், தூங்கும்போது தலையணையில் அவை தட்டிக்கொண்டே இருப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அவளுடைய அண்ணன் அந்த பேண்டில் சாக்ஸபோன் வாசிக்கிறான். மழைக்காலத்தில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை, சளி சளி என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மெதுவாகத் திரும்பினாள். அண்ணி மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வானத்தில் வட்டமடிக்கும் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"அண்ணி... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பென்சில் உடைஞ்சப்பவே."

"அப்ப எதுக்குப் பட்டறை, எதுக்கு இந்த மாடி? என்னை எதுக்கு இவ்வளவு தூரம் பேசவிட்டீங்க?"

"உங்க அண்ணனுக்கும் ஏபி நெகடிவ்தான். நூத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும்னு சொல்றாங்க." அண்ணியின் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, கை மட்டும் சுவரை விடவில்லை. "இந்த ஊர்ல எத்தனை நூறு பேர் இருக்காங்க குருவி? அந்த ஒருத்தர் வேற யாராவதா இருக்கட்டும்னுதான் தேடிக்கிட்டே வந்தேன். நீ மச்சான்னு சொன்னப்போ, அப்படியே இருந்துடட்டும்னு நினைச்சேன். ஒரு மனுஷனுக்கு வியாதி இருக்கணும்னு ஆசைப்பட்டேன் பாரு."

குருவி அண்ணியின் கையைச் சுவரிலிருந்து பிரித்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். இருவருமாகப் படியிறங்கினார்கள்.

*

கொட்டகையை நெருங்கும்போதே பாட்டு கேட்டது. ஜன்னலுக்கு வெளியே அண்ணி நின்றுவிட்டாள். உள்ளே பேண்டு கோஷ்டி வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் அண்ணன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். மெட்டு மேலே மேலே ஏறியது. உச்சியில் ஒரு நீண்ட சுரம். அதைப் பிடித்தான். பாதி தூரத்தில் மூச்சு அறுந்தது. அந்தக் கணமே, பக்கத்தில் இருந்த கிளாரினெட்காரர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு போனார், துணி கிழிந்த இடத்தில் தையல்காரர் கை வைப்பதுபோல. அன்று முதல் தடவையாகச் செய்கிறவரால் அப்படிச் செய்ய முடியாது. எத்தனை நாளாகவோ அவர்கள் அவனைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

எதிர்ப்பக்க வாசல் வழியாக மேஸ்திரி ஓடிவந்தார். பட்டறையிலிருந்து ஒரே ஓட்டம் போலிருக்கிறது.

"டேய், உன் பெண்டாட்டி கண்டுபிடிச்சிடுவா! நான் மச்சான் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். யார் கேட்டாலும் நீ..."

"யார் கேட்டாலும்?" என்றாள் அண்ணி வாசலில் நின்று.

மேஸ்திரி பெரிய டிரம்முக்குப் பின்னால் போய் நின்றார். அது அவருடைய பாதியை மட்டும்தான் மறைத்தது.

அண்ணன் அசடு வழியச் சிரித்தான். "கோவிச்சுக்காதே. இவன் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினான். ஊசிதானே, எறும்பு கடிக்கிற மாதிரின்னு நான்தான்..."

"வெறும் வயித்துல போகணும்னு இவர் சொல்லலையா?"

"சொன்னான். வழியில ஆம்லெட் வாசனை வந்துச்சு. நம்ம ரத்தமா என்ன, அவன் ரத்தம்தானேன்னு..."

"உன் ரத்தம்தான்டா அண்ணா," என்றாள் குருவி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். கசிகிற சுவர், ரெண்டாயிரம், தழும்பு. வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள்.

டிரம்முக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி வெளியே வந்தார். "ரிப்போர்ட் தப்புன்னு சொன்னாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேனேடா. அது உன்னோடதாடா? எத்தனை ஊசி வேணும்னாலும் எனக்குப் போடச் சொல்லு தங்கச்சி. நான் விழுந்தா விழறேன்."

அண்ணி புருஷனின் கையிலிருந்த சாக்ஸபோனை வாங்கினாள். முப்பது வருடப் பழையது, வெளியே தங்கம்போல் மின்னியது. ஊதுமுனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"இதை எப்பக் கடைசியா கழுவினீங்க?"

"வெளியில தினமும் துடைக்கிறேனே..."

"வாசிக்கிறப்போ இழுக்கிற மூச்சு இது வழியாவும்தானே உள்ள போகுது?"

அண்ணன் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். பிறகு மேஸ்திரியிடம் வந்தாள். அவர் அடி வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தார்.

"அண்ணா, நீங்க மட்டும் தைரியசாலியா இருந்திருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ரொம்ப நன்றி," என்றாள்.

*

மறுநாள் காலை லேப்பில் டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "பேரு?"

"இந்த தடவை என் பேரையே எழுதிக்கலாம்," என்றான் அண்ணன்.

பூஞ்சைக்கு எதிராக அவன் ரத்தம் சண்டை போட்டுக்கொண்டிருப்பது உறுதியாயிற்று. ஸ்கேனில் சுவர் வீங்கியிருந்தது. தழும்பு இன்னும் விழவில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் நுரையீரல் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பழைய வாத்தியத்தைத் தொடவே கூடாது என்றார். லேப் டாக்டரம்மா அன்றிலிருந்து அடையாள அட்டையைப் பார்க்காமல் சொந்த அக்காவுக்குக்கூட ஊசி போடுவதில்லை.

மாதம் ஒருமுறை ரத்தம் பார்த்தார்கள். ஆயிரத்து எழுநூறு. ஆயிரத்து நூறு. எழுநூறு. இருமல் குறைந்தது. பசி வந்தது. ஆனால் அண்ணன் முகம் மட்டும் தெளியவில்லை. ஒருநாள் குருவியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"டாக்டர் என்கிட்ட எதையாவது மறைக்கிறாரா?"

"ஏன்டா?"

"உங்க அண்ணி என்னைத் திட்டவே மாட்டேங்கிறா. கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படி இருந்ததே இல்லை. மாத்திரையைக் கையில கொடுக்கிறா, தண்ணியைக் கொடுக்கிறா, போயிடறா. ஆள்மாறாட்டம் பண்ணியிருக்கேன், மூச்சு வாங்குறதை மறைச்சிருக்கேன். ஒரு வார்த்தை இல்லை. நான் தேறமாட்டேன் போலிருக்கு குருவி."

நான்காம் மாதம் ரிப்போர்ட் வாங்க மூவருமாகப் போனார்கள். அண்ணிதான் உறையைப் பிரித்தாள். நானூற்று முப்பது, ஐநூறுக்குள். ஒருமுறை படித்தாள். குருவியிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். தாளை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

பிறகு புருஷனைப் பார்த்துத் திரும்பினாள்.

"உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

லேப் வாசலில் ஆரம்பித்தது. தெருமுனை வரைக்கும் ஆம்லெட். பஸ்ஸில் இருமல். வீட்டுப் படிக்கட்டில் பூஞ்சை. செருப்பைக் கழற்றும்போது, பெண்டாட்டி துப்பறிகிற வீட்டில் ரகசியம் வைத்துக்கொள்கிற அளவுக்கு ஒரு மனுஷனுக்கு எவ்வளவு திமிர் இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருந்தாள். குரல் அங்கங்கே உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. நான்கு மாத பாக்கி அல்லவா?

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முகமெல்லாம் பூரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதைக் கண்டு குருவி நடுவில் புகுந்து சமாதானம் சொல்லப் போனாள்.

அவன் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தான்.

"சும்மா இரு குருவி," என்று கிசுகிசுத்தான். "நிறுத்திடப் போறா."